கமராவின் முதுகில் ஒரு மணப்பெண்

ஊரார் சிரித்த முகங்களையெல்லாம் இருட்டறையில் நின்று கழுவிக் கொடுப்பதுதான் கலர் லேப்காரனின் வேலை. விடிந்த பிறகு அதே ஊராரின் சிரிக்காத முகங்களைக் கவுண்டரில் பார்ப்பதும் அதே சம்பளத்துக்குள்தான்.

மட்டக்களப்பு டவுனில் எங்கள் கடைக்கு மேலே ஒரு பழம்பெரும் கமராக் கொம்பனியின் போர்டு தொங்கியது. நான் அங்கே இரவு வேலைக்காரன். படம் கழுவுவேன். யந்திரம் ஓய்ந்திருக்கும் நேரத்தில் பழுதான கமராக்களைக் கழற்றிப் பார்ப்பேன். அப்படிக் கழற்றிக் கழற்றித்தான் பழுது பார்க்கப் படித்தேன், சொல்லித்தர ஆளில்லை. பகலில் படுத்தாலும் தூக்கம் வராது. அதனால் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் கவுண்டரில் நிற்பேன். யாரோ செய்த குற்றத்துக்கு நீங்கள் ஏச்சு வாங்கியிருக்கிறீர்களா? பஸ் கொண்டக்டர்மாரே, தபால் கந்தோர் கிளாக்கர்மாரே, நான் சொல்லப் போவது உங்களுக்கு உடனே விளங்கும்.

போர்டுக்குக் கீழே நிற்பவன்

மற்றக் கொம்பனிகள் டிஜிட்டல் கமராக்களை ஒன்றுக்குப் பின் ஒன்றாக இறக்கிக்கொண்டிருந்தன. எங்கள் கொம்பனி யோசித்துக்கொண்டிருந்தது. கல்யாணப் படக்காரர்களுக்கு ஏற்ற ஒன்று எப்போது வரும் என்று போனில் கேட்டால், கொழும்பு ஏஜென்ட், "வந்துகொண்டிருக்கிறது" என்பார். கப்பலிலா, நடந்தா என்று அவர் சொன்னதில்லை.

அதிகம் கேட்டவர் நாவற்குடா சிவலிங்கம் அண்ணன். கல்யாண வீடுகளில் படம் எடுப்பவர். இளந்தாரிக் காலம் தொட்டு இந்தக் கொம்பனியின் கமராதான். லென்ஸ்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்தார். அவை வேறு கொம்பனிக் கமராவில் பூட்டுப்படாது. மாறுவதென்றால் அத்தனையையும் விற்க வேண்டும். மாறாவிட்டால் கல்யாண ஓடர்கள் டிஜிட்டல்காரரிடம் போகும். ஒரு காலை கவுண்டரில் கையூன்றி நின்று சொன்னார்: "தரமாட்டம் எண்டு சொன்னா நானும் என்ட வழியப் பாத்திருவன். வாறன், வாறன் எண்டு சொல்லுறவனத்தான் விட்டுட்டுப் போக ஏலாமக் கிடக்கு."

கடலுக்குத் தப்பியது

சுனாமி வந்து போன கிழமைகளில், மண்ணும் உப்பும் அடைத்த கமராக்கள் கடைக்கு வந்தன. சிலவற்றைக் கொண்டுவந்தவர்கள் அவற்றின் சொந்தக்காரர்கள் அல்ல. நான் ஒன்றும் கேட்கவில்லை. டிஜிட்டல் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. காத்தான்குடி ஹனீபா நானாவின் கமரா எங்கள் கொம்பனியுடையது, பழைய ஃபிலிம் கமரா. நல்ல தண்ணீரில் அலசி, பிரித்து, காயவைத்து, எண்ணெய் தொட்டுப் பூட்டினேன். க்ளிக் என்றது. நானா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

அப்போது நிவாரண நிறுவனமொன்று, உடைந்த வீடுகளைப் படமெடுக்க ஆள் தேடியது. நானாவின் சொந்த வீடும் உடைந்த வீடுகளில் ஒன்று. அந்த வேலை அவருக்கு வேண்டியிருந்தது. கமராவைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். எடுத்த படத்தை அன்றைக்கே கொம்பியூட்டரில் கொழும்புக்கு அனுப்ப வேண்டுமாம், டிஜிட்டல் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. திரும்பி வந்தவர் கமராவைக் கவுண்டரில் வைத்தார். மேலே போர்டைப் பார்த்தார். "கடல் உட்டுட்டுப் போன கமராவ, தம்பி, உங்கட கொம்பனி கொன்னு போட்டிச்சே" என்றார்.

வெயிலில் பிடித்துப் பார்த்த படம்

வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் ஒரு கல்யாணம். அது சண்டைக் காலம். திரும்பி வரும் வழியிலுள்ள காவலரணில் கமராவைக் கண்டால் ஆமிக்காரர் "படத்தைக் காட்டு" என்பார்கள். முன்னால் போன டிஜிட்டல்காரர் பட்டனை அமத்தி, கமராவின் முதுகுத் திரையில் பொம்பிளை மாப்பிள்ளையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அடுத்து நின்ற சிவலிங்கம் அண்ணன், "ஃபிலிம், ஃபிலிம்" என்றாராம். அவருக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான். ஆமிக்காரன் சுருளை உருவி வெயிலில் பிடித்துப் பார்த்தான். படம் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே இருக்குமோ என்று மிச்சத்தையும் இழுத்தான்.

"எதுக்கும் ஒருக்காக் கழுவிப் பாரன்" என்று அண்ணன் என்னிடம் தந்தார். வீண் வேலை என்று இருவருக்கும் தெரியும். கழுவினேன். முதலிலிருந்து முடிவு வரை ஒரே கறுப்பு.

பொம்பிளையின் தகப்பன் கடைக்கே வந்தார். சண்டை பிடிக்கத்தான் என்று அண்ணன் எனக்குப் பின்னால் ஒதுங்கினார். அவர் அந்தக் கறுப்புச் சுருளை வாங்கி, வெளிச்சத்துக்கு நேரே விரித்து, ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "இதில தாலி கட்டின இடம் எது, மனே?"

மட்டை செருகும் சட்டம்

சில ஃபிலிம் கமராக்களின் முதுகில் ஒரு சின்னச் சட்டம் இருக்கும். உள்ளே போட்டது எந்த ஃபிலிம் என்று மறந்துபோகாமலிருக்க, ஃபிலிம் பெட்டியின் மட்டையைக் கிழித்து அதில் செருகி வைப்போம். அந்தக் கறுப்புச் சுருளுக்குப் பிறகு சிவலிங்கம் அண்ணன், தன் மனைவி கமலா அக்கா மணப்பெண்ணாக நின்ற கலர்ப் படத்தைக் கொண்டுவந்து, அந்தச் சட்டத்தின் அளவுக்கு அடித்துத் தரச் சொன்னார். மட்டையை எடுத்துவிட்டு அதைச் செருகினார். இரண்டு எட்டுத் தள்ளி நின்று பார்த்தால் அசல் டிஜிட்டல்.

காவலரணில் கமராவைத் திருப்பிக் காட்டினார். ஆமிக்காரன் எட்டிப் பார்த்து, தலையாட்டி, போகச் சொன்னான். அடுத்த கல்யாணத்துக்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும். பிறகொரு நாள் அதே ஆமிக்காரன் கமராவைக் கையில் வாங்கிவிட்டான். படத்தை விரலால் தட்டிப் பார்த்தான். அவன் பின்மூடியைத் திறக்கவில்லை. கமராவை அண்ணன் கழுத்திலேயே மாட்டிவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில், பெண்ணுக்கு மட்டும் சிங்களச் சொல்லைப் போட்டுக் கேட்டானாம்: "மாமா, எல்லா மாப்பிள்ளையும் ஒரே நோனாவத்தானா கட்டுறது?"

பார்க்க வந்தவர்

சண்டை முடிந்தது. அண்ணனுக்கு ஓடர்கள் அநேகமாக நின்றுவிட்டன. வருகிற ஆவணிக்குள் கமரா வராவிட்டால் லென்ஸ்களை விற்றுவிட்டு, பாசிக்குடாவில் கட்டத் தொடங்கியிருந்த ஹோட்டலுக்குக் காவலாளியாகப் போவதாகக் கமலா அக்காவுக்கு வாக்குக் கொடுத்தார். ஆவணி வந்து போனது. கமரா வரவில்லை. லென்ஸ்களை வேட்டித் துணியோடு கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார். கண்ணாடி அலுமாரியில் வைத்தேன். ஒருவரும் விலை கேட்கவில்லை. பூட்டுவதற்குக் கமரா இல்லாத லென்ஸை யார் வாங்குவார்?

அதுதான் அவரைக் காப்பாற்றியது. சண்டைக்குப் பிறகு திறந்துவிட்ட பாதையால் கொழும்பு ஏஜென்ட் ஒரு நாள் வேனில் வந்து இறங்கினார், கையில் எங்கள் கொம்பனியின் டிஜிட்டல் கமரா. அண்ணனுக்கு ஆள் அனுப்பினேன். அண்ணன் வந்து, அலுமாரியிலிருந்து தன் பழைய லென்ஸை எடுத்துத் தானே பூட்டினார். டக்கென்று பொருந்தியது. காவலாளி வேலைக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டார்.

முதல் கல்யாணம் முடிந்து வரும்போது, பழைய காவலரணடியில் பழக்கத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திக் கமராவை நீட்டினாராம். ஆமிக்காரன் பார்க்காமலே போகச் சொல்லிவிட்டான். யாருக்காவது காட்டியாக வேண்டுமே. மறுநாள் கமலா அக்காவையே கடைக்குக் கூட்டி வந்தார். அக்கா பட்டனை அமத்த அமத்த, மணப்பெண் சிரித்தாள், குனிந்தாள், தாலி வாங்கினாள். அக்கா கமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய சட்டம் இதில் இல்லை. புருசனிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "முந்தி இதில நான் மட்டும்தான் இருந்தன். இனி ஊரில உள்ள பொம்புளயெல்லாம் வந்து போவாளுகள், என்ன?"

எப்படியோ, எங்கள் ஊரில் சண்டையே முடிந்த பிறகாவது அந்தக் கொம்பனி யோசித்து முடித்தது.