ரதம் தலைகீழாகப் போன ஞாயிற்றுக்கிழமை

முப்பது வருடம் தொழிற்சாலையில் மெஷின் டெக்னீஷியனாக இருந்தவன் நான். மெஷின் நின்றுபோன நாட்களில்கூட அன்று போல் வியர்த்ததில்லை.

ஓய்வு பெற்றபின், மலேசியாவின் கிள்ளானில் ஒரு கோயில் ஹாலில் பெரியவர்களுக்கு அனிமேஷன் வகுப்பு நடத்துகிறேன். டைப் செய்யவே வேண்டாம். ‘பத்து அடி நகர்’, ‘ஒரு வினாடி காத்திரு’ என்று கட்டளை எழுதிய பிளாக்குகள் கம்ப்யூட்டரில் கலர் கலராக இருக்கும். இழுத்து ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டினால் திரையில் படம் ஓடும். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் தலைவர் வகுப்பைப் பார்க்க வந்திருந்தார். பார்த்த பிறகுதான் ஹாலைத் தொடர்ந்து தருவதா வேண்டாமா என்று சொல்வார்.

பக்கத்து ஊர் காப்பாரிலிருந்து மோட்டார் பைக்கில் வரும் ஃபேக்டரி ஆப்பரேட்டர் கமலா, எங்கள் கோயில் ரதத்தையே வரைந்திருந்தார். படத்தை ஓட்டும் பச்சைக் கொடி பட்டனை அழுத்தியதும் ரதம் கிளம்பியது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்! தலைவரே கையெடுத்துக் கும்பிட்டார். ரதம் திரையின் ஓரத்தைத் தொட்டது. ‘ஓரத்தில் பட்டால் திரும்பு’ பிளாக் ஒழுங்காக வேலை செய்தது. ரதம் திரும்பியது, தலைகீழாக. சாமி கீழே, சக்கரம் மேலே.

“ஐயோ, அபசகுனம்! நிப்பாட்டுங்க சார்!” என்று தலைவர் எழுந்துவிட்டார்.

கமலாவின் முகம் வாடிவிட்டது. தப்பு என்னுடையது. முதல் சில வினாடி மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு ஓகே சொன்னவன் நான்தான். படம் கவிழாதபடி செட்டிங்கை மாற்றினேன். ரதம் நிமிர்ந்து, வந்த வழியே திரும்பியது.

“அதுவும் தப்பு சார்,” என்றார் தலைவர். “ரதம் என்ன பஸ்ஸா, போன வழியிலேயே வர? நாலு வீதியும் சுத்தணும்லா. வாசலுக்கு வாசல் நிக்கணும். அர்ச்சனை முடிஞ்சாதான் நகரணும்.”

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. மனிதர் திட்டவில்லை, புரோகிராம் சொல்கிறார்! கமலாவின் கை அதற்குள் பிளாக்குகளை அடுக்கத் தொடங்கியிருந்தது.

“தலைவரே, ஒரு வீட்டுக்கு எத்தனை செகண்ட் நிக்கணும்?”

“மூணு வைம்மா. எங்க வீட்டுக்கு மட்டும் அஞ்சு.”

ஹாலே சிரித்தது. தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டு மவுஸைப் பிடித்துக்கொண்டார். வகுப்பு முடியும் நேரத்தில் ரதம் மூன்றாவது வீதியில் நின்றது.

புதிதாகச் சொல்லித்தர வருகிறவர்களுக்கு என் அனுபவம் இதுதான்: ஓரம் வரை ஓட்டிப் பார்க்காமல் எதையும் காட்டாதீர்கள். குறை சொல்கிறவரிடம் மவுஸைக் கொடுத்துவிடுங்கள்.

“தலைவரே, அடுத்த வாரம் வகுப்பு...?” என்று இழுத்தேன்.

“என்ன சார் கேள்வி இது? ரதத்தை நடுரோட்டுல விட்டுட்டு ஹாலைப் பூட்டச் சொல்றீங்களா?”