அப்பா கேட்ட மின்னோட்டப் பாடம்

என் படிப்பைப் பற்றி அப்பா என்னிடம் கேள்வி கேட்டது ஒரே ஒரு தடவைதான். சித்தப்பா இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நான் எட்டாம் வகுப்பு.

சித்தப்பா, அப்பாவுக்கு ஒரே தம்பி. பூலாம்பாடிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு கொல்லையிலேயே, விளைகிற நிலத்துக்கு நடுவிலேயே இருந்தது. அண்ணனும் தம்பியும் சேர்ந்தே மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போட்டார்கள். சித்தப்பாவுக்குப் பெண் பார்த்து முடித்திருந்ததால், கல்யாணத்துக்குள் வீட்டோடு ஓர் அறை கட்டிவிட வேண்டும் என்று வாசலில் ஒரு லோடு மணல் கொட்டியிருந்தார்கள்.

ஐப்பசியில் ஒருநாள் காலை, முந்தின நாள் மழையில் ஸ்டார்ட்டர் நனைந்திருக்கிறதா என்று பார்க்கப் போன சித்தப்பா மோட்டார் கொட்டகையிலேயே விழுந்து கிடந்தார். அப்பாதான் பியூஸைப் பிடுங்கிவிட்டு, தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். சித்தப்பாவின் உள்ளங்கையில் கருகலாக ஒரு கோடு இருந்தது. பார்க்கத் தூங்குகிற மாதிரிதான் இருந்தார்.

பக்கத்துக் கொல்லைக்காரர் தன் லோடு ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஏத்துங்க, பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம் என்று அம்மா கெஞ்சினாள். அப்பா கேட்கவில்லை.

"கரண்டு ஒடம்புல நிக்குது. இப்புடியே தூக்கிட்டுப் போனா வழியிலயே போயிடுவான். மொதல்ல எறங்கட்டும்."

உடம்பில் ஏறின கரண்டை மண் இழுத்துக்கொள்ளும் என்பது அப்போது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆட்டோக்காரருக்கும் தெரிந்திருந்தது. அவரும் சேர்ந்துதான் மணலைக் குழியாகப் பறித்தார். சித்தப்பாவைக் கிடத்திக் கழுத்து வரைக்கும் மூடினார்கள். ஈர மணல் சீக்கிரம் இழுக்குமென்று மேலே தண்ணீரும் ஊற்றினார்கள். அப்பா தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எறங்குது, எறங்குது என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்ததில் எனக்குக்கூடத் தைரியம் வந்துவிட்டது. அம்மா மறுபடியும் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தபோது, வாயை மூடு என்று அதட்டினார். அம்மாவிடம் அவர் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.

அப்பா போதும் என்று சொன்ன பிறகுதான் வண்டியில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, உயிர் போய் நேரமாகிவிட்டது என்றாராம். எவ்வளவு நேரம் என்று அவரும் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் அப்பாவைத் தேற்றினார்கள். மண்ணில் வைத்தும் பிழைக்கவில்லை என்றால் ஆயுசு அவ்வளவுதான், நீ என்ன செய்வாய் என்றார்கள். அம்மா மட்டும் அந்தப் பேச்சில் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அவள் சும்மா இருந்தது அப்பாவை என்ன செய்தது என்று யோசிக்கிற வயது எனக்கு இல்லை. அவர் பேச்சு குறைந்துபோனது மட்டும் தெரிந்தது.

மார்கழியில் அரையாண்டுத் தேர்வு வந்தது. எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். மனத்துக்குள் படித்தால் படிப்பதாகவே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சத்தம் வர வேண்டும். அன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து அறிவியல் பாடத்தைக் கத்திக்கொண்டிருந்தேன். மாட்டுக்குச் சோளத்தட்டை போட வந்த அப்பா நின்றார்.

"என்னாடா அது, ஓட்டம் ஓட்டம்ங்கிற?"

"கரண்டுப்பா. புஸ்தகத்துல அதுக்கு மின்னோட்டம்னு பேரு."

தட்டையைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்தில் குந்தினார். வேற என்ன போட்டிருக்கு என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, எங்கள் அறிவியல் சார் மாதிரியே கையை ஆட்டிச் சொன்னேன். ஓடுவது மின்னோட்டம், அதைத் தள்ளுவது மின்னழுத்தம், பிடித்து வைப்பது மின்தேக்கி.

"அப்ப தண்ணி மாதிரிதான?" என்றார் அப்பா. அவர் முகம் அப்படித் தெளிந்து பல நாள் ஆகியிருந்தது.

நான் சிரித்தேன். எல்லாரும் இப்படித்தான் நினைப்பார்கள் என்று சார் முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஒரு காலத்தில் பெரிய பெரிய விஞ்ஞானிகளே மின்சாரத்தை எடையில்லாத ஒரு பாய்மம் என்றுதான் நம்பினார்கள், பொருளுக்குள் நிறையும், வழியும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இறங்கும் என்றார்கள், கண்ணாடி ஜாடியில் தண்ணீர் ஊற்றி அதற்குள் பிடித்து வைக்கக்கூடப் பார்த்தார்கள் என்று வகுப்பில் கதையாகச் சொன்னார். பிற்பாடு பாலிடெக்னிக்கில் படித்தபோது அந்தக் கதை நிஜமாக நடந்ததுதான் என்று தெரிந்தது. ஓட்டம், அழுத்தம், தேக்கி எல்லாம் அந்த நம்பிக்கையிலிருந்து வந்த பேச்சு. நம்பிக்கை போய்விட்டது, பெயர்கள் நின்றுவிட்டன. அன்று சார் சொன்ன கதையை மட்டும் அப்பாவிடம் ஒப்பித்துவிட்டு, அது தப்புன்னு எப்பவோ கண்டுபுடிச்சிட்டாங்கப்பா என்று முடித்தேன்.

அப்பா கொஞ்சம் தட்டையை எடுத்து ஒடித்தார்.

"மனுசன் ஒடம்புல தேங்கி நிக்காதா?"

"நிக்காதுப்பா. ஒயரை எடுத்துட்டா அப்பவே நின்னு போயிடும்."

"மண்ணு இழுக்கும்ல?"

"இழுக்கறதுக்கு உள்ள ஒண்ணும் இருக்காதேப்பா."

இன்னொரு தடவை சொல்லு என்றார். சொன்னேன். சார் சொன்னதா, புத்தகத்திலேயே இருக்கிறதா என்று கேட்டார். ரெண்டும்தான் என்றேன். உள்ளே அம்மா அரிசி புடைக்கிற சத்தம் நின்றிருந்தது. அவளும் நான் படிப்பதைக் கேட்டுப் பெருமைப்படுகிறாள் என்று நினைத்தேன்.

"நல்லா படிச்சிருக்கடா" என்று சொல்லிவிட்டு அப்பா எழுந்தார்.

அவரைப் போகவிட எனக்கு மனசில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பாடம் கேட்டது அதுதான் முதல்முறை. இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று அவசரமாகப் பக்கத்தைத் திருப்பினேன். பாடத்தின் கடைசியில் கட்டம் போட்டு நாலு வரி இருந்தது.

"அப்பா, இன்னும் இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு வாசித்தேன். மின்தாக்குதலுக்கு உள்ளானவருக்கு மூச்சு இல்லையென்றால் அந்த இடத்திலேயே செயற்கைச் சுவாசம் அளிக்க வேண்டும், சிறிதும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

அப்பா மாட்டின் கழுத்தில் கையை வைத்தபடி எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். அம்மா வாசற்படிக்கு வந்து, "போதும், வைடா" என்றாள்.

அப்பா திரும்பவில்லை. அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று, முதல் வரியிலிருந்து மறுபடியும், இன்னும் சத்தமாக வாசித்தேன்.