பலகையில் கடைசி அட்டை

தம்பி ஓரின் பிறந்தபோது மார்லிஸுக்கு நான்கு வயது. வடக்கு டகோடாவில் சர்க்கரைக் கிழங்கு விளைகிற தட்டை நிலத்தின் நடுவே எண்ணூறு பேர் வாழ்கிற ஊர் அவர்களுடையது. மூன்று வயதுவரை அவன் வாய் திறக்கவில்லை. திறந்தபோது அம்மாவைக் கூப்பிடவில்லை, அக்காவின் பெயரையும் சொல்லவில்லை. வானொலியில் வரும் வானிலை அறிக்கையை ஒரு சொல் மாறாமல் ஒப்பித்தான். “காற்று வடமேற்கிலிருந்து, மணிக்கு இருபது மைல்.”

நகரத்து மருத்துவர் அவர்களுடைய தாய் ஆர்டிஸைத்தான் குறை சொன்னார். தாயின் மனம் குளிர்ந்து கிடந்தால் பிள்ளை இப்படி ஆகும் என்று அந்தக் காலத்தில் மருத்துவர்களே நம்பினார்கள். அரசு விடுதியில் விட்டுவிடுங்கள் என்று ஒரு தாளும் கொடுத்தார். ஆர்டிஸ் அதை வீடுவரை மடியில் வைத்துக்கொண்டு வந்து அடுப்பில் போட்டாள். பிறகு சாப்பாடு எடுத்துவைத்தாள்.

பள்ளிப் பேருந்தில் மார்லிஸுக்கு ரேடியோ என்று பெயர். “ஏய் ரேடியோ, நாளைக்குப் பனி கொட்டுமா? உன் தம்பியக் கேட்டுச் சொல்லு, நான் வீட்டுப்பாடம் எழுதணுமா வேண்டாமான்னு பாக்கணும்.” அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஒரு தோழியையும் அவள் வீட்டுக்கு அழைத்ததில்லை. பலர் சேர்ந்து பாடினால் ஓரின் தலையைச் சுவரில் மோதிக்கொள்வான் என்பதால் அவளுடைய பிறந்தநாளில் யாரும் பாடியதும் இல்லை. அப்பாவும் அம்மாவும் கேக்கின் முன்னால் நின்று உதட்டை மட்டும் அசைப்பார்கள்.

அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாததுதான் அவனுக்குப் பயம். அது வீட்டில் இருந்தவர்களுக்குப் புரியவே இருபது வருடம் ஆனது. அப்பா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். வெளியூரிலிருந்து வந்த ஓர் ஆசிரியைதான் பட அட்டைகளைச் சொல்லிக்கொடுத்தாள். ஆர்டிஸ் பழைய விலைப்பட்டியல் புத்தகங்களிலிருந்து தட்டு, கார், சோப்பு, கட்டில் எல்லாம் வெட்டி அட்டையில் ஒட்டினாள். ஒரு நீளப் பலகையில் அன்றைய நாள் வரிசையாக இருக்கும். ஒன்று முடிந்ததும் அந்த அட்டையை ஓரின் எடுத்துக் காபி டின்னில் போடுவான். எங்கே போனாலும் வரிசையின் கடைசியில் அவர்கள் வீட்டின் புகைப்படம். அதைப் பார்த்துவிட்டால் அவன் எங்கே வேண்டுமானாலும் வருவான்.

“பலகையில போட்டா அது நடந்தாகணும்,” என்று ஆர்டிஸ் மகளிடம் சொன்னாள். “நம்ம வாய்ச்சொல்ல அவன் நம்பமாட்டான். இதத்தான் நம்புறான். இதுல ஒரு பொய் சொன்னா நமக்கும் அவனுக்கும் நடுவுல ஒண்ணுமே கிடையாது.”

மார்லிஸ் பள்ளிச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தாள். கிழங்கு லாரி ஓட்டிய லைல் என்பவன் இரண்டு வருடம் அவளோடு பழகினான். கல்யாணப் பேச்சு வந்தது.

“அம்மாவுக்கு அப்புறம் ஓரின் நம்மகிட்டதான் இருப்பான்,” என்றாள்.

“வீட்டுக்கு ஒரு ரேடியோ போதும்னு நெனச்சேனே.”

அவன் சிரிக்கவைக்கத்தான் சொன்னான். அன்றே மன்னிப்பும் கேட்டான். ஆனால் அவள் அந்த வார்த்தையோடு ஒரு வீட்டில் இருக்க முடியாது என்று நினைத்தாள். லைல் வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டு மேற்கே போனான்.

ஆர்டிஸ் எண்பத்தொரு வயதில் இறந்தாள். அடக்கத்தன்று மார்லிஸ் பலகையில் தேவாலயம், கல்லறை, காபி, வீடு என்று வைத்தாள். ஓரின் நான்கையும் செய்தான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர்கள் இருவர்தான். காலையில் அவள் வேலைக்குப் போகும்போது அவனை ஊர்க் காபிக்கடையில் இறக்கிவிடுவாள். அங்கே விவசாயிகள் அவனிடம் வானிலை கேட்டுவிட்டுத்தான் வயலுக்குப் போவார்கள். அவன் சொல்வது ஒரு நாளும் தப்பியதில்லை என்பார்கள்.

பிறகு அவளுக்குக் கை நடுக்கம் வந்தது. நரம்பு நோய், போகப்போகக் கூடும் என்றார்கள். ஒரு சனவரிக் காலையில் வாசல் பனியைத் தள்ளும்போது கால் சறுக்கி விழுந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. ஓரின் வந்தான். விழுந்த அவளுடைய தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

“பெவ்வக் கூட்டிட்டு வாடா. பக்கத்து வீட்டு பெவ்வ.”

“குளிர் பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டு,” என்றான் ஓரின். அவன் முகம் அழுதது. ஆனால் அக்கா விழுந்துகிடப்பதற்கு அவனிடம் அட்டை இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து பெவ் தானாகத்தான் பார்த்து ஓடிவந்தாள்.

மருத்துவமனையில் பெவ் நேராகவே கேட்டாள். “நீ செத்து விறைச்சிருந்தா அவன் அப்படியே நின்னுருப்பான், தெரியுமில்ல?”

“தெரியும்.”

“அப்ப கௌரவம் பாக்காம, அவனுக்கு எடம் கேட்டு அந்த ஆபீசுக்கு ஃபோன் பண்ணு.”

ஐம்பது மைல் தள்ளி, இவனைப் போன்ற நாலு பேரைப் பராமரிக்கிற ஒரு வீடு இருந்தது. அங்கே இடம் கேட்டு ஆர்டிஸ் காலத்திலேயே எழுதிப் போட்டிருந்தார்கள். மார்ச்சில் அழைப்பு வந்தது. சொன்ன தேதியில் அவன் அங்கே இரவு தங்கியாக வேண்டும். இல்லையென்றால் இடம் அடுத்த பெயருக்குப் போய்விடும். மார்லிஸ் பத்து நாள் அந்தப் புது வீட்டின் படத்தை அவனுக்குக் காட்டினாள்.

போகிற நாளில் ஐந்து மணிக்கே எழுந்து பலகையை அடுக்கினாள். சாப்பாடு, கார், ஹாம்பர்கர், புது வீடு, கட்டில். ஓரின் வந்து பார்த்தான். கோட்டைத் தானே மாட்டிக்கொண்டான். பலகையையும் டின்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள்.

புது வீட்டில் அவன் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்து எல்லோரும் அசந்துபோனார்கள். அந்த வீட்டைக் கவனித்துக்கொண்ட ஹவா, லைபீரியாவிலிருந்து வந்தவள், அவனுடைய புதுக் கட்டிலில் போர்வையை விரித்துக்கொண்டே சொன்னாள்: “மார்லிஸ்ம்மா, இங்க வந்தவங்க எல்லாம் மொத நாள் கதவ ஒடைச்சிருக்காங்க. ஒருத்தர் என் காரையே ஒடைச்சாரு. இவரு ராசா மாதிரி வந்திருக்காரு.”

ஓரின் கட்டிலில் படுத்துப் பார்த்தான். எழுந்தான். கட்டில் அட்டையை எடுத்து டின்னில் போட்டான். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்க் காரில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டான்.

மார்லிஸ் பலகையைப் பார்த்தாள். கடைசியில் அவர்கள் வீட்டின் புகைப்படம் இருந்தது. முப்பது வருடப் பழக்கம். காலையில் கை தானாக எடுத்து வைத்திருக்கிறது. அவன் இவ்வளவு நேரம் அமைதியாக இருந்தது அதைப் பார்த்துத்தான்.

“எடுத்துடுங்கம்மா,” என்றாள் ஹவா மெதுவாக. “விழுந்துருச்சுன்னு சொல்லிக்கலாம்.”

“அவன் பாத்துட்டான்.”

“இன்னிக்கு ராத்திரி இங்க படுக்கலைன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா. என் கையில இல்ல.”

“இப்ப மணி ரெண்டுதான். ஏழுக்குள்ள திருப்பிக் கூட்டிட்டு வரேன்.”

“இந்தக் கைய வெச்சுக்கிட்டா?”

மார்லிஸ் சாவியை எடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஓரின் புகைப்படத்தை எடுத்து டின்னில் போட்டான். அவனுக்கு நாள் முடிந்தது. பூட்ஸைக் கழற்றப் போனான். மார்லிஸ் சமையலறை மேசையில் பலகையைத் திரும்ப வைத்தாள். கார், புது வீடு, கட்டில். இந்த முறை ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுக் காட்டினாள்.

அவன் வரிசையைப் பார்த்தான். கடைசியில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தான். டின்னுக்குள் கையை விட்டு, வீட்டுப் புகைப்படத்தைத் தேடி எடுத்து, அந்த இடத்தில் வைத்து அழுத்தினான். தவறு செய்துவிட்டாள், திருத்திவிடலாம் என்பதுபோல அவள் கையைப் பார்த்தான்.

அவள் அவன் கண்முன்னாலேயே அதை எடுத்தாள். “இல்லடா ஓரின். இனி இது கிடையாது.”

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை. அவன் கோட்டை மாட்டிக்கொண்டு போய்க் காரின் பின் இருக்கையில் உட்கார்ந்தான். ஐம்பது மைலும் ஒரு வார்த்தை பேசவில்லை. காற்று எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்லவில்லை. ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தார்கள்.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. ஓரின் நன்றாகச் சாப்பிடுகிறான். அலுவலகங்களின் பழைய தாள்களை இயந்திரத்தில் போட்டுக் கிழிக்கிற இடத்தில் வாரம் மூன்று நாள் வேலைக்குப் போகிறான். ஹவாவிடம் வானிலை சொல்கிறான். அவள், “குடை எடுக்கவா வேண்டாமா, அத மட்டும் சொல்லுங்க சார்,” என்பாளாம்.

ஞாயிறுதோறும் பெவ் கார் ஓட்ட, மார்லிஸ் போகிறாள். அவன் பலகையில் அன்றைக்கு அவளுடைய முகப்படம் இருக்கும். அதற்கு அடுத்தது இரவுச் சாப்பாடு. அவன் எதிரில் உட்கார்ந்து அவளைப் பார்ப்பான். பத்து நிமிடம், சில நாள் கால் மணி நேரம். பிறகு எழுந்து போய், அவள் இன்னும் உட்கார்ந்திருக்கும்போதே, அவளுடைய அட்டையை எடுத்து டின்னில் போடுவான்.

“அது முடிஞ்சுதுன்னு அர்த்தமில்லம்மா, இருங்க,” என்று ஹவா முதல் தடவை தடுத்தாள்.

“முடிஞ்சுதுன்னுதான் அர்த்தம்,” என்றாள் மார்லிஸ். காபி பாதி இருந்தது. எழுந்து, நடுங்குகிற விரல்களால் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போடத் தொடங்கினாள்.