வழக்கில் கட்டிய பசு

அக்டோபர் மாதம் ஒரு வியாழக்கிழமை மாலை ஊர் மந்தை வீடு திரும்பியபோது துர்சுனாயின் பசு அதில் இல்லை. அன்றைக்கு மந்தை மேய்க்கும் முறை தபால்காரருடையது. அவர் குதிரையிலிருந்து இறங்காமலே, “ஆத்தங்கரையில எல்லாத்தோடவும்தான் நின்னுச்சு எஜே, சத்தியமா பார்த்தேன்” என்றார். அந்தப் பக்கத்தில் அக்காவை எஜே என்றுதான் கூப்பிடுவார்கள். துர்சுனாயும் அவள் கணவர் முக்காஷும் மறுநாள் காலை ஆற்றங்கரைப் புதர்களை ஒன்று விடாமல் துழாவினார்கள். ஓரிடத்தில் கனமான வண்டிச் சக்கரத்தின் தடம் இருந்தது. அதன் பக்கத்தில், மாட்டின் காதில் மாட்டும் மஞ்சள் எண் வில்லை பாதியாக வெட்டுப்பட்டுக் கிடந்தது. முக்காஷ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து எடுத்துப் பார்த்தார். டிராக்டர் ஓட்டி ஓட்டி முதுகு போனவர் அவர். “ஏத்திட்டான்” என்றார்.

துர்சுனாய்க்கு ஐம்பத்தாறு வயது. மாவட்ட மருத்துவமனையின் சலவை அறையில் இருபத்தோரு ஆண்டுகளாக வேலை. கட்டில் விரிப்பு, தலையணை உறை, அறுவைக் கூடத்துத் துணி என்று ஊரில் பிறப்பும் இறப்பும் அவள் கை வழியாகத்தான் போகும். வெளுப்புத் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனிகள் வெடித்திருக்கும். அரசாங்க அலுவலகங்களின் பக்கம் போகிற வழக்கம் அவளுக்கு இல்லை. கையெழுத்துப் போடச் சொன்னால் பேனாவை ஒருமுறை உதறிப் பார்த்துவிட்டுத்தான் போடுவாள்.

காவல் நிலையத்தில் அவளை அனுப்பியது துணை ஆய்வாளர் ஷெர்மாத்திடம். முப்பது வயதிருக்கும். மேசையில் கடித்து வைத்த இறைச்சிச் சம்சா, ஓயாமல் அதிரும் இரண்டு கைபேசிகள், சிவந்த கண்கள்.

“எஜே, உக்காருங்க” என்றான். சொந்த அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி அவன் கூப்பிட்டதில் அவளுக்குப் பாதிப் பாரம் இறங்கியது போலிருந்தது. “யாராவது ஓட்டிட்டுப் போறதைக் கண்ணால பார்த்தீங்களா?”

“பார்த்திருந்தா விட்டிருப்பேனாப்பா?”

“அதான். பார்க்கல. அப்ப காணாம போச்சுன்னு எழுதுங்க, திருட்டுன்னு எழுதாதீங்க. திருட்டுன்னா கேஸ் போடணும். கேஸ் போட்டா மேல இருந்து கேப்பாங்க. ஏற்கெனவே பதினோரு கேஸ் கண்டுபிடிக்காம நிக்குது. உங்களுக்கு வேண்டியது மாடுதானே? கேஸா?”

“மாடுதான்.”

“அப்ப நான் சொல்றபடி எழுதுங்க.”

அவள் எழுதினாள். வெட்டுப்பட்ட வில்லையைக் காகிதத்தில் பொதிந்து கொடுத்தாள். எண் போட்ட ஒரு துண்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தான். அதை அடையாள அட்டைக்குள் செருகிப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

இரண்டு வாரம் கழித்துப் போய் விசாரித்தபோது ஷெர்மாத் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “எஜே, இது காணாம போன மாடு. காணாம போனதை போலீஸ் தேடாது. ஊர்ச்சபையில சொல்லுங்க.”

“நீதானப்பா அப்படி எழுதச் சொன்ன?”

“எழுதினது நீங்கதானே?”

துர்சுனாய் எழுந்திருக்கவில்லை. கோபம் வந்து உட்காரவில்லை. முழங்கால் வலித்தது, உட்கார்ந்தே இருந்தாள். அவன் மூன்று பேரை விசாரித்து அனுப்பினான், தேநீர் குடித்தான், யாரிடமோ கைபேசியில் கெஞ்சினான். அவள் இருந்தாள். கடைசியில் இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தான். “சரி, திருட்டுன்னே எழுதுங்க. ஆனா பேப்பர் எல்லாம் கொண்டுவரணும்.”

கால்நடை மருத்துவரின் அட்டை, மாடு அவளுடையதுதான் என்று ஊர்ச்சபையின் சான்று, தபால்காரரின் வாக்குமூலம், மாட்டின் புகைப்படம். புகைப்படம்தான் சிக்கலாகிவிட்டது. மாட்டை யார் படம் பிடித்து வைப்பார்கள்? தேடித் தேடி, பேத்தியின் பிறந்தநாள் படம் ஒன்று கிடைத்தது. முன்னால் கேக்கோடு பேத்தி. பின்னால் வேலியைத் தாண்டி மாட்டின் பின்பாதி. ஷெர்மாத் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“எஜே, இதுல குற்றவாளிய அடையாளம் காட்டலாம் போல. கேக்கைத் தின்னது யாருன்னு.”

சம்பவ இடத்தைப் பார்க்க அவன் வந்தபோது முதல் பனி விழுந்து தடம் எல்லாம் மூடிவிட்டிருந்தது.

குளிர்காலம் முழுக்க, விடுமுறை நாளெல்லாம் அவள் நிலையத்துக்குப் போனாள். “வண்டியில பெட்ரோல் இல்ல எஜே, நான் என்ன குதிரையிலயா போய்த் தேட முடியும்?” என்பான். “உன் தாத்தா குதிரையிலதான் போனாரு” என்பாள். அவனும் சிரிப்பான், அவளும் சிரிப்பாள், காரியம் நகராது. வீட்டில் பால் இல்லாத தேநீரை உறிஞ்சிக்கொண்டு முக்காஷ் கேட்பார்: “கிழவி, நீ மாட்டைத் தேடறியா, இல்ல அந்த ஸ்டேஷன் பெஞ்சைத் தேய்க்கறதுக்குப் போறியா?” போகாமல் இருந்தால் மாடு இரண்டாம் முறை தொலைந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றும். அவ்வளவுதான்.

பிப்ரவரியில், பெண்கள் வார்டில் விரிப்புகளைச் சேகரித்துக்கொண்டிருந்தபோதுதான் அது காதில் விழுந்தது. பித்தப்பை அறுவை முடிந்து படுத்திருந்த அனார்கான் என்ற பெண், அடுத்த கட்டில்காரியிடம் தன் வீட்டு மாட்டைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தாள்.

“பால் நல்லாத்தான் குடுக்குது. ஆனா கையில உப்பு காட்டலைன்னா மடியத் தொட விடாது. போன வாரம் எங்க வீட்டுக்காரர் சட்டைக் கையைப் பாதி மென்னுடுச்சு. வேர்வை உப்பாம், அதுக்காக!”

துர்சுனாயின் கையிலிருந்த துணி மூட்டை சரிந்தது. அந்தப் பழக்கத்தைக் கன்றுக்குட்டியிலிருந்து ஊட்டி வளர்த்தவள் அவள்.

“கறுப்பு வெள்ளையா? இடது கொம்பு நுனி ஒடிஞ்சிருக்குமா?”

“ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“சும்மா கேட்டேன்” என்றாள். தையல் போட்டுப் படுத்திருக்கிற பெண்ணிடம் பொய் சொல்கிறோமே என்று கூசியது. ஆனாலும் ஊர்ப் பெயரை மட்டும் பேச்சுவாக்கில் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

மறுநாள் மினி பஸ்ஸில் மலையைச் சுற்றிக்கொண்டு அந்த ஊருக்குப் போனாள். அனார்கானின் கணவர் ஒரோஸ்பெக் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். நீலப் பயிற்சி உடையில் பனியை வாரிக்கொண்டிருந்தார். துர்சுனாய் தான் யாரென்று சொல்லவில்லை. தொழுவத்து வாசலில் நின்று உள்ளங்கையில் உப்பை வைத்து நீட்டினாள். மாடு நேராக வந்து கையை நக்கியது. நக்கி முடித்ததும் சட்டைக் கையைக் கவ்வியது. ஒரோஸ்பெக் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

உள்ளே கூப்பிட்டுத் தேநீர் ஊற்றினார். “சந்தையில வாங்கினேன் எஜே. காதுல வில்லை இல்லையேன்னு கேட்டேன். முள்ளுல மாட்டி அறுந்துடுச்சுன்னான். நம்பிட்டேன்.” கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நம்பணும்னு ஆசை. விலை மலிவு.”

“ம்.”

“இப்பவே ஓட்டிட்டுப் போங்க. நான் ஒண்ணும் கேக்கல. போன காசு போகட்டும். போலீஸ்ல மட்டும் என் பேரை இழுக்காதீங்க. பசங்களுக்குப் பாடம் சொல்றவன் நான்.”

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள். பஸ்ஸில் வழி முழுக்க யோசித்தாள். வில்லை இல்லாத மாட்டை வீட்டில் கட்டினால் நாளைக்கு அவளைக் கேட்பார்கள். புது வில்லை மாட்ட வேண்டுமென்றால் போலீஸ் காகிதம் வேண்டும் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். திருடியவன் அடுத்த வீட்டிலும் கை வைப்பான். இதெல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொன்று இருந்தது: நான்கு மாதம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தது வீணில்லை என்று அந்தப் பையன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அவள் நேரே காவல் நிலையத்தில் போய் இறங்கினாள்.

அன்றைக்குப் பெட்ரோல் இருந்தது. இரண்டு வண்டி போயிற்று. ஒரோஸ்பெக்கை மாட்டுக்குப் பக்கத்தில் தலைகுனிந்து நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் அந்தப் படம் மாவட்டத்தின் எல்லாக் கைபேசியிலும் இருந்தது. முகத்தை மறைத்திருந்தார்கள், நீலப் பயிற்சி உடையை மறைக்கவில்லை. அவர் பள்ளியில் அதைத் தெரியாத பிள்ளை கிடையாது.

ஷெர்மாத் அவளுக்கு முன்னால் ஒரு தாளை வைத்தான். முகம் மலர்ந்திருந்தது. “கையெழுத்துப் போட்டு மாட்டை ஓட்டிட்டுப் போங்க எஜே. ஒரே ஒரு விஷயம். இனிமே அது உங்க மாடு இல்ல, வழக்கோட சாட்சிப் பொருள். உங்க பாதுகாப்புல இருக்கும். விக்கக் கூடாது, அறுக்கக் கூடாது, யாருக்கும் குடுக்கக் கூடாது, மாவட்ட எல்லையத் தாண்டக் கூடாது.”

“கோடைக்கு மலைமேட்டு மேய்ச்சலுக்கு அனுப்பணுமேப்பா? அது எல்லைக்கு அந்தப் பக்கம்ல இருக்கு?”

“அனுப்பக் கூடாது.”

“பால் கறக்கலாமா?”

அவன் தாளைப் படித்துப் பார்த்தான். “பால் பத்தி ஒண்ணும் போடல. கறங்க.”

மாட்டை விற்றவன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தான். கைபேசி எண் உண்டு, பெயர் உண்டு, ஆள் இல்லை. ஆனாலும் விசாரணைக்கு நாள் குறித்தார்கள். பறிகொடுத்தவள் வர வேண்டும், வாங்கியவர் வர வேண்டும். செவ்வாய்க்கிழமை. நீதிபதி விடுப்பு. இன்னொரு செவ்வாய்க்கிழமை. வக்கீல் வரவில்லை. இன்னொன்று. மின்சாரம் இல்லை. சலவை அறையில் முறை மாற்றிக் கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்தது. கோடையில் எல்லோர் மாடும் மேட்டுக்குப் போக, அவள் அரிவாளோடு வாய்க்கால் ஓரமெல்லாம் புல் அறுத்துச் சுமந்தாள்.

நீதிமன்றத்தில் ஒரே ஒரு பெஞ்சுதான். முதல் இரண்டு முறை ஒரோஸ்பெக் அதன் ஒரு கோடியில், அவள் மறுகோடியில். திருட்டு மாடு என்று தெரிந்தே வாங்கினாயா என்று அவரையும் மூன்று தடவை கூப்பிட்டு எழுதி வாங்கியிருந்தார்கள். தலைமையாசிரியர் அவரைப் போட்டிகளுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார். மூன்றாம் முறை அவர் குடுவையைத் திறந்து தேநீர் ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார். அவள் பொட்டலத்தைப் பிரித்து எண்ணெயில் பொரித்த ரொட்டித் துண்டுகளையும் கொஞ்சம் வெண்ணெயையும் நடுவில் வைத்தாள்.

“வெண்ணெய் நம்ம மாட்டோடதா?” என்றார்.

“சாட்சிப் பொருளோட வெண்ணெய்.”

இரண்டு பேரும் கொஞ்சம் சிரித்தார்கள். பிறகு அவள் சொன்னாள்: “அன்னைக்கு நீங்க சொன்னப்பவே ஓட்டிட்டுப் போயிருக்கணும் தம்பி. நான்தான் விடல.”

அவர் இல்லை என்று சொல்லவில்லை. “குடிங்க எஜே, ஆறிடும்” என்றார்.

ஆகஸ்டில் மாடு கன்று ஈன்றது. கணக்குப் பார்த்தால் ஒரோஸ்பெக்கின் தொழுவத்தில் இருந்தபோது தரித்த கன்று. கிடேரி, நெற்றியில் வெள்ளை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாடு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து எழுத ஷெர்மாத் வருவான். அன்றைக்கும் வந்தான். தேநீர் குடித்துவிட்டு வெளியே வந்தவன், கன்றைப் பார்த்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“எஜே, நான் ஒண்ணும் பார்க்கல. நீங்க ஒண்ணும் சொல்லல. சொன்னா எழுதணும். எழுதினா அதுக்கும் ஒரு கையெழுத்து, ஒரு கேள்வி, ஒரு செவ்வாய்க்கிழமை.”

“அது யாருதுன்னாவது சொல்லுப்பா.”

“பட்டியல்ல இல்லாதது எனக்குத் தெரியாது.” ஜீப்பில் ஏறியவன், தொப்பியைக் கழற்றி நெற்றியைத் தடவிக்கொண்டான். அவனுக்கும் அந்த வருடத்தில் முடி கொட்டியிருந்தது.

முக்காஷ் வேலியில் சாய்ந்து வண்டி போவதைப் பார்த்தார். “இந்த ஊர்லயே அரசாங்கம் வந்து நலம் விசாரிக்கிற ஒரே ஜீவன் நம்ம மாடுதான்” என்றார். “எனக்கு முதுகு போய் எட்டு வருஷமாச்சு. ஒருத்தன் எழுதிட்டுப் போகல.”

கன்றை வளர்த்து விற்கலாம் என்றார் அவர். மாட்டை விற்க முடியாதபோது கையில் கிடைக்கிற ஒன்று அதுதானே என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. மூன்றாம் நாள் துர்சுனாய் ஒரோஸ்பெக்கிடம் கைபேசியில் பேசினாள். கன்று புல் கடிக்கிற வரைக்கும் இருக்கட்டும், அப்புறம் வந்து கொண்டுபோங்கள் என்றாள். முக்காஷ் தரையில் விரித்திருந்த சாப்பாட்டுத் துணியைச் சுருட்டி வைத்துவிட்டு வெளியே போனார். மறுநாள் கன்றுக்கு வைக்கோல் போட்டது அவர்தான்.

நவம்பரில் வழக்கை நிறுத்தி வைத்தார்கள்: குற்றம் சாட்டப்பட்டவர் கிடைக்கும் வரை. அப்படியானால் மாடு என்ன ஆகும் என்று கேட்டாள். மாடும் அதுவரை அப்படியேதான் என்றார் நீதிமன்ற எழுத்தர். விடுவிக்க வேண்டுமானால் தனியாக மனுப் போடலாம், நீதிபதி பயிற்சிக்குப் போயிருக்கிறார், ஜனவரியில் வாருங்கள்.

கன்றைக் கொண்டுபோக ஒரோஸ்பெக் தெரிந்தவரின் வேனில் வந்தார், அனார்கானோடு. அவள் தேறியிருந்தாள், கன்னத்தில் சதை பிடித்திருந்தது. துர்சுனாயின் கையைப் பிடித்துக்கொண்டு, “அன்னைக்கு ஆஸ்பத்திரியிலயே என்கிட்ட சொல்லியிருக்கலாமே எஜே” என்றாள். குறையாகச் சொல்லவில்லை, கேட்டாள்.

“சொல்லியிருக்கலாம்” என்றாள் துர்சுனாய்.

வேன் போன பிறகு மாடு இரண்டு நாள் கத்திக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் காலை சத்தம் இல்லை. அவள் பால் கறந்து மூடி வைத்துவிட்டு முக்காஷுக்குத் தேநீர் ஊற்றினாள். மருத்துவமனையில் இரண்டு வார்டுத் துணி சேர்ந்து கிடப்பதாகச் சொல்லியிருந்தார்கள். தலைத்துணியைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.