அறைச் சுவருக்கு ஒரு ரிவி

எங்கள் பக்கத்தில் ரிவிக்கு இடம் ஹோல்தான். வாசலுக்கு நேரே வைப்போம். தெருப் படலையில் நின்று கூப்பிடுகிறவருக்கும் படம் தெரியவேண்டும். அது அறைக்குள் போகிறது என்றால் வீட்டில் ஒருவர் படுத்துவிட்டார் என்று அர்த்தம். எங்கள் தீவு ஊரான மண்கும்பானில் நான் அறிய அப்படிச் சில வீடுகளில் போயிருக்கிறது. ரிவி பிறகு ஹோலுக்குத் திரும்பி வந்தது. பார்த்துக்கொண்டு கிடந்தவர்கள் வரவில்லை.

ஆகவே என் மனைவி ஒருநாள் காலையில் தேங்காய் துருவிக்கொண்டே, "இஞ்சாருங்கோ, அறைச் சுவரிலை மாட்ட மலிவா ஒரு சின்ன ரிவி வாங்குவமே?" என்று கேட்டபோது தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

"ஹோலிலை ஒண்டு நிக்குதுதானே?"

"அது அங்கை நிக்கட்டும். இது படுத்திருந்து பாக்கிறதுக்கு."

"ஆர் படுக்கிறது?"

"படுக்கிற ஆள் படுக்கும்" என்றாள். துருவலை நிறுத்தவில்லை.

அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் நெஞ்செரிவு என்று யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டரிடம் போயிருந்தோம். என்னைத் தட்டி, அமத்தி, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தவர், "நீங்கள் வெளியிலை இருங்கோ" என்று சொல்லிவிட்டு மனைவியோடு நெடுநேரம் தனியாகக் கதைத்தார். வெளியே வந்தவள் "ஒண்டுமில்லையாம்" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்ல ஒரு மனிதருக்கு அவ்வளவு நேரம் எடுக்குமா? அந்தக் கேள்வி எனக்குள் ஒரு மூலையில் கிடந்தது. இப்போது அதன் எதிரே ஒரு ரிவியும் வரப்போகிறது.

அவளிடம் நேரே கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே! சேர்ட்டை மாட்டிக்கொண்டு அவளோடு யாழ்ப்பாணம் பஸ் ஏறினேன்.

கடைச் சுவர் முழுக்க ரிவிகள். எல்லாவற்றிலும் ஒரே கிளி ஒரே மரத்திலிருந்து பறந்தது. விலை குறையக் குறையக் கிளியின் சுகமும் குறைந்தது. எங்கள் கைக்கு எட்டும் வரிசையில் அதற்கு மஞ்சள் காமாலை. நான் ஒவ்வொரு கிளியையும் உற்றுப் பார்த்தேன். இதில் எதைப் பார்த்துக்கொண்டு போய்ச் சேருவது என்று தெரிவு செய்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

கடைக்காரர் என் வயதுக்காரர். ஒன்றைத் தட்டிக் காட்டினார். "அண்ணை, இதுக்கு ரிமோட்டும் தேவையில்லை. முன்னாலை நிண்டு கதைச்சாக் காணும், அது கேக்கும்."

"கேட்டுப்போட்டு ஆருக்குச் சொல்லும்?" என்றேன். இந்த நாட்டில் என் வயதுவரை தப்பி வந்த எவனும் காது வைத்த சாமானைப் படுக்கையறைக்குள் விடமாட்டான்.

"அது கேக்கட்டுமன்" என்றாள் மனைவி. "நான் சொல்லுறதைக் கேக்காத ஒண்டோடை இவ்வளவு காலம் சீவிச்சாச்சு. கேக்கிறது ஒண்டு வந்தால் நல்லந்தானே."

கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'சீவிச்சாச்சு' என்கிறாளே, வாழ்ந்த கணக்கை முடித்துவிட்டவள் மாதிரி!

காது இல்லாத முப்பத்திரண்டு அங்குலம் ஒன்றுக்கு வந்தோம். நின்று பார்த்தபோது படம் குறைசொல்ல முடியாதபடி இருந்தது. ஆனால் பார்க்கப் போகிறவர் நிற்கப் போவதில்லையே. நிலத்தில் குந்தினேன். படம் மங்கியது. சோறு சமைக்கிற மின்பானைப் பெட்டி ஒன்றில் தலையைச் சாய்த்துக் கால்களை நீட்டினேன். கிளி மறைந்து அதன் நிழல் மட்டும் பறந்தது.

"எழும்புங்கோ, சனம் பாக்குது" என்று மனைவி பல்லைக் கடித்தாள்.

கடைக்காரர் ஓர் இரும்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார். "ரிவியைக் கீழை சரிச்சுவிடலாம் அண்ணை. படுக்கையிலை இருக்கிற ஆக்களுக்கெண்டால் எல்லாரும் இதைத்தான் கொண்டுபோறவை." அதைச் சொன்னபோது அவர் கண் என்மேல் இருந்தது. "வாரண்டி ஒரு வருசம். கொஞ்சம் கூடக் கட்டினால் மூண்டு வருசம்."

"ஒரு வருசம் காணும்" என்றாள் மனைவி. போதும் என்று சொல்ல யோசிக்கக்கூட இல்லை.

"மூண்டு எடுப்பமே?" என் குரல் எனக்கே ஆட்டுக்குட்டியின் குரலாகக் கேட்டது.

"என்னத்துக்கு? வீண் காசு."

தீவுக்குத் திரும்பும் குறிகட்டுவான் பஸ்ஸில் பெட்டியை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்தபடி நின்றேன். முன் சீற்றில் எங்களுக்குத் தெரிந்த, பக்கத்து ஊர் சரவணையைச் சேர்ந்த அக்கா ஒருவர் இருந்தார்.

"என்ன, புது ரிவியோ? ஹோலுக்கோ?"

"இல்லை அக்கா, அறைச் சுவருக்கு" என்றாள் மனைவி.

அக்காவின் முகம் சுருங்கியது. மனைவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், தலையிலிருந்து கால்வரை. பிறகு மெல்ல எழும்பினார். என்னைவிட மூத்தவர், மூட்டு வருத்தக்காரி. "நீர் இரும்" என்று எனக்கு இடம் விட்டார். பண்ணைப் பாலத்துக்கு இருபுறமும் கடல் பளபளத்துக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் குளிர்ந்தது.

மறுநாள் காலையில் அக்காவும் அவருடைய கணவரும் வந்தார்கள். கையில் தோடம்பழப் பை, பால்மாப் பெட்டி. எங்கள் தீவில் நோயாளியை வருத்தம் பார்க்கப் போகிறவர்கள் கொண்டுபோகிற அதே சாமான்கள். மனைவி குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றப் போனாள். இருவரும் கதிரை நுனியில் இருந்தார்கள்.

"சாப்பாடு இறங்குதோ?" என்று கணவர் இரகசியம் போலக் கேட்டார்.

"இறங்குது அண்ணை. விலைதான் இறங்குதில்லை" என்றேன்.

வழக்கமாக இதற்குச் சிரிப்பார்கள். அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "பாருங்கோ, இந்த நிலையிலையும் பகிடி விடுறார்."

அப்படியென்றால் ஊருக்கே தெரிந்திருக்கிறது. தேத்தண்ணித் தட்டோடு வந்த மனைவியை மறித்தேன்.

"டொக்டர் எவ்வளவு காலம் எண்டவர்? எல்லாருக்கும் தெரியும். எனக்கும் ஒருக்காச் சொல்லும்."

அவள் என்னைப் பார்த்தாள். தோடம்பழத்தைப் பார்த்தாள். தட்டை வைத்துவிட்டுத் தானும் ஒரு கதிரையில் இருந்தாள்.

"இரவிலை பொரியலையும் மிளகாயையும் குறைக்கச் சொன்னவர். உங்களுக்குச் சொன்னால் பகிடி விடுவியளாம், குசினிக்குச் சொன்னால்தான் நடக்குமாம்."

"அதுக்கு அவ்வளவு நேரமோ?"

"தன்ரை மனுசிக்கும் நெஞ்செரிவாம். ரசத்துக்கு என்ன போடுறனான் எண்டு கேட்டவர்."

"ஒரு வருசம் காணும் எண்டனீர்?"

"கடற்கரை வீட்டிலை உப்புக்காத்துக்கு எது ஒரு வருசம் உருப்படியா நிண்டது? கறள் பிடிச்சால் வாரண்டியிலை பாக்க மாட்டினம்."

"அப்ப அறைக்குள்ளை ரிவி என்னத்துக்கு?"

மனைவி அக்கா பக்கம் திரும்பினாள். நியாயம் கேட்க அவர்தான் சரியான ஆள் என்று நினைத்திருக்கவேண்டும்.

"நான் அழுறதுக்கு அக்கா. ஹோலிலை நாடகம் பாக்க ஏலாது. மாமிக்காரி அந்தப் பெட்டையை மழைக்குள்ளை வீட்டாலை கலைக்கிறாள், எனக்கு நெஞ்சு பதறுது. இந்த மனுசன் பக்கத்திலை இருந்து, 'மழையிலை நனைஞ்சும் கண்மை அழியேல்லை, எந்தக் கடையிலை வாங்கினவள் எண்டு கேளும்' எண்டுது. ஒரு துளி கண்ணீர் விட விடாது."

"ஐயோ, எங்கடையும் உதே சாதிதான்" என்றார் அக்கா. அவருடைய கணவர் திடீரென்று எங்கள் கூரைத் தீராந்தி மரத்தை ஆராயத் தொடங்கினார். அக்கா எழும்பிப் போய் அறைச் சுவரைப் பார்த்துவிட்டு, அதே ரிவியின் விலையை விசாரித்தார். எனக்குச் சாகும் நோய் இல்லை என்பதை அங்கே ஒருவரும் கொண்டாடவில்லை.

அன்று பின்னேரமே பக்கத்து வளவு மேசன் வந்து ஓட்டை போட்டார். உப்பேறிய சுவர் மா மாதிரிக் கொட்டியது. பெரிய ஆணியாகப் போட்டு ஒருவாறு மாட்டினார். நாடக நேரத்துக்கு மனைவி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

நான் ஹோலில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அழுகை கேட்டது. முதலில் மூக்கு உறிஞ்சல், பிறகு விம்மல், பிறகு நல்ல பெலத்த அழுகை. ஒரு நாடகத்துக்கு ஒரு மனுசி இவ்வளவு அழுவாளா? ரசத்துக்கு என்ன போடுறது என்று எந்த டொக்டர் கேட்பார்? எழும்பிப் போய்க் கதவில் காதை வைத்தேன்.

உள்ளே வயலின் இழுத்தது, மழை பெய்தது, மாமிக்காரி கத்தினாள். என் மனைவி தேம்பினாள். பட்டென்று சவர்க்கார விளம்பரப் பாட்டொன்று தொடங்கியது. தேம்பல் அந்த இடத்திலேயே நின்றது. தோடம்பழம் உரிக்கிற வாசம் கதவிடுக்கால் வந்தது. விளம்பரம் முடிந்து வயலின் மறுபடியும் இழுக்க, அவளும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

அழுகை எனக்காக இல்லை என்பது நிச்சயமாக இருக்கட்டும் என்று அடுத்த விளம்பரம் வரை நின்று பார்த்தேன்.