தகரக் கூரையும் இலைவாய்களும்

போர் நடந்துகொண்டிருந்த வருடம், ஜூலை பதினெட்டு, வெள்ளிக்கிழமை. அன்று காலை எங்கள் முற்றம் முழுவதும் வேப்பெண்ணெய் மணத்தது. மற்றபடி அக்கராயனில் எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமைகள் ஒரே ஒழுங்கில் நடப்பவை. அம்மா முற்றம் கூட்டித் தண்ணீர் தெளிப்பார். உயர்தரத்தில் உயிரியல் படித்த அக்கா கிணற்றடியில் குடங்களை நிரப்புவாள். ஆறாம் ஆண்டு படித்த நான், வீட்டு வளவுக்குள் வெட்டியிருந்த "பங்கர்" என்ற பதுங்குகுழிக்குள் பாம்பு கிடக்கிறதா என்று தடியால் தட்டிப் பார்ப்பேன். அப்பா கூரையை மூடிக் காய்ந்துபோன இலைக்குழைகளை இழுத்துப் போட்டுவிட்டு, புதுக் குழை வெட்டக் கத்தியோடு காட்டோரம் போவார்.

இடம்பெயர்ந்து வந்து போட்ட எங்கள் வீட்டுக்குப் புதுத் தகரம்தான் கூரை. வெயிலில் அது மின்னும். மேலே சுற்றும் வேவு விமானத்தின் கண்ணில் அது பட்டால் பின்னால் குண்டு வரும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், இலையோடு வெட்டிய கிளைகளால் கூரையை மூடி வைத்திருந்தோம். அந்தக் குழை இரண்டு மூன்று நாளில் சருகாகிக் காற்றோடு போய்விடும். அப்பா திரும்பவும் காட்டோரம் போகவேண்டும். காட்டோரத்திலோ "செல்" என்ற எறிகணை விழுந்துகொண்டிருந்தது. முந்திய கிழமை மாடு சாய்த்து ஓட்டிவரப் போன ஒருவரைச் சாக்கில் கிடத்தித் தூக்கிவந்ததை நான் வாசல் படலைக்குள் நின்று பார்த்தேன். அதன்பின் அப்பா கத்தியோடு போனால், அவர் திரும்பும்வரை நான் படலையடியிலேயே நிற்பேன்.

குழை வாடாமல் இருந்தால் அப்பா அடிக்கடி போகத் தேவையில்லை என்று யோசித்தவள் அக்காதான். இலை தன் கீழ்ப்பக்கத்திலுள்ள இலைவாய்கள் வழியாகவே நீரை இழக்கிறது, அவற்றை அடைத்தால் வாடாது என்று சொல்லி, பாலை மரத்து இலைகள் நான்கை உடுப்புக் காயப்போடும் கொடியில் கட்டித் தொங்கவிட்டாள். ஒன்றுக்கு எதுவும் பூசவில்லை. ஒன்றுக்கு மேலே, ஒன்றுக்குக் கீழே, ஒன்றுக்கு இரண்டு பக்கமும் வேப்பெண்ணெய். கீழ்ப்பக்கம் பூசிய இரண்டும் மற்றவை சுருண்ட பின்னும் பச்சையாகவே நின்றன.

"கீழ்ப்பக்கம் மட்டும் பூசினாக் காணும், அப்பா" என்று அன்று காலை அவள் சொன்னாள்.

"ஒவ்வொரு இலையாப் பிடிச்சுப் பூச, நான் என்ன கலியாணப் பொம்பிளையைச் சோடிக்கிறனோ?" என்றார் அப்பா. கிளைகளை அப்படியே எண்ணெய் வாளிக்குள் தோய்த்து எடுத்துக் கூரையில் பரப்பினார்.

"பிள்ளையளின்ர தலைக்கு ஒரு துளி இல்லை, கூரைக்கு அபிஷேகம் நடக்குது" என்று அம்மா குசினிக்குள் இருந்து சொன்னது கேட்டது. நாங்கள் சிரித்தோம்.

மத்தியான வெயில் ஏறியதும் சிரிப்பு நின்றது. எண்ணெய் ஊறிய இலைகள், ஒவ்வொன்றும் ஒரு கண்ணாடித் துண்டைப்போல, தகரத்தைவிட மோசமாக மின்னின. அப்பா ஏணியை வைத்து ஏறிக் குழைகளை இழுக்கத் தொடங்கியபோதுதான் "வண்டு" கேட்டது. ஆளில்லாத வேவு விமானத்துக்கு எங்கள் ஊர் வைத்த பெயர் அது.

"இழுக்காதேங்கோ! வெறுந்தகரம் தெரியப்போகுது!" என்று அம்மா கத்தினார். அப்பா அப்படியே குழைகளுக்குள் குப்புறப் படுத்துவிட்டார். நாங்கள் மூவரும் பங்கருக்குள் பாய்ந்தோம்.

இரைச்சல் போவதும் திரும்புவதுமாக இருந்தது. கூரையில் கிடக்கும் அப்பா அசைகிறாரா என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. நான் அக்காவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் என் காதோடு வாயை வைத்துக்கொண்டு கதைக்கத் தொடங்கினாள்.

"இலைவாய் எப்பிடி வாறது எண்டு சொல்லட்டே? தளிர் இலையின்ர தோலில ஒரு உயிர்க்கலம் ரெண்டாப் பிரியும், சரிபாதியா இல்லை, ஒண்டு பெரிசு, ஒண்டு சின்னன். சின்னன் பிறகு சரிபாதியாப் பிரிஞ்சு ரெண்டு காவற்கலமாகும். அதுகளுக்கு நடுவில வாய் திறக்கும். ஒண்டு வந்தாப் பக்கத்தில ஒட்டிக்கொண்டு இன்னொண்டு வரவிடாது."

"முத்தின இலையில?"

"முத்தினா இனிப் புதுசா வராது. தளிரா இருக்கேக்கையே எல்லாம் முடிஞ்சிடும்."

அதுவரை கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டபடி இருந்த அம்மா கேட்டார்: "அப்ப வேரோட நிண்டு கூரையில படருற கொடிக்கு எண்ணெய் தேவையில்லை?"

"ஏனம்மா தேவை? அது தண்ணி குடிச்சுக் குடிச்சுப் புதுத் தளிர் விட்டுக்கொண்டே இருக்கும்."

"இதை வாளி எண்ணெய் முடிய முதல் சொல்லியிருக்கலாம் நீ" என்றார் அம்மா. அந்த இருட்டில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

இரைச்சல் தெற்கே போய்த் தேய்ந்தது. எங்கோ தூரத்தில் நிலம் இரண்டு முறை அதிர்ந்தது. எங்கள் வளவில் எதுவும் விழவில்லை. அப்பா எழுந்து, எண்ணெய் வழுவழுத்த காலை ஏணியில் வைத்தார். வழுக்கியது. விழுந்தவரின் கணுக்கால் பொழுதுபடுவதற்குள் வீங்கிப் பூசணிக்காய் ஆனது. மின்னும் குழைகளை அக்காவும் அம்மாவுமாகக் கொக்கைத்தடியால் இழுத்து எரித்தார்கள்.

இன்று அந்த வளவில் ஓட்டு வீடு நிற்கிறது. பங்கர் தூர்ந்துவிட்டது; அது இருந்த இடத்தை என் பிள்ளைகளுக்கு அடையாளம் காட்டக்கூட என்னால் முடியவில்லை. அக்கா வவுனியாவில் உயிரியல் படிப்பிக்கிறாள். கலியாண வீடுகளில் படம் எடுக்க இப்போது ஒரு சின்ன விமானம் பறக்கவிடுகிறார்கள்; அதே இரைச்சல்தான். எல்லோரும் அண்ணாந்து கையசைக்க, நான் மட்டும் பந்தலின் தகரத்தைப் பார்ப்பேன்.

அன்று அப்பா விழுந்த மறுநாள் விடிந்தபோது கூரை வெறுந்தகரமாகக் கிடந்தது. வெயில் ஏறுமுன் அதை மூடியாக வேண்டும். அப்பாவால் காலை ஊன்ற முடியவில்லை. அவர் "வேண்டாம் பிள்ளை, வேண்டாம்" என்று சொல்லச் சொல்ல, அக்கா கத்தியை எடுத்துக்கொண்டு படலையைத் திறந்து காட்டோரம் நடந்தாள். அம்மா அடுப்பு மூட்டவில்லை. சுவரோரம் குந்தியிருந்து, அக்கா போன பாதையை ஒருமுறையும் திரும்பிப் பாராமல், விரலால் மண்ணைக் குத்திக் குத்திச் சுரை விதைகளை ஊன்றிக்கொண்டிருந்தார்.