அடுப்பு மேடையில் ஒரு சாண் இடம்

பத்து நாளைக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை காலை. சமையல் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துணிக்கு அடியில் ஒரு சத்தம். கரகர என்று. மெல்லிய சத்தம்தான். ஆனால் அதைக் கேட்டதும் துணியை அப்படியே போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் வீட்டு மேடை கறுப்பு கிரானைட். வாடகை வீடுகளில் சொரசொர சிமெண்ட் மேடையோடு இருபது வருஷம் மல்லுக்கட்டியவள் நான். ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தமாக வீடு கட்டியபோது என் வீட்டுக்காரரிடம் கேட்டது இந்த ஒன்றைத்தான். ராஜபாளையம் ரோட்டில் ஒரு கிரானைட் கடையில் வெயிலில் நின்று, பலகை பலகையாகப் புரட்டச் சொல்லி, முகம் தெரிகிற மாதிரி ஒன்றை எடுத்தேன். கடைக்காரர் நொந்துபோய்விட்டார். அது வேறு கதை.

அந்த மேடையை ஒன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டது ஜெசிந்தா. மம்சாபுரத்திலிருந்து காலை மினி பஸ்ஸில் வருவாள். என் வீடும் எதிர் வீட்டு டீச்சர் வீடும் அவள் பொறுப்பு.

அவள் மேடை துடைப்பதை நீங்கள் பார்க்க வேண்டும். என் வீட்டுக்காரரின் பழைய பனியன்தான் துணி. அதை நனைத்துப் பிழிந்து, சிந்திக் கிடக்கிற உப்பு, ரவை எல்லாவற்றையும் முதலில் ஒற்றி எடுப்பாள். தேய்க்க மாட்டாள். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டே சொட்டு. அப்புறம் வெறும் தண்ணீர். கடைசியில் காய்ந்த துணி. மிக்ஸியை இழுக்க மாட்டாள், தூக்கித்தான் நகர்த்துவாள். பிழிந்த எலுமிச்சம்பழ மூடியை நான் மேடையில் கவிழ்த்து வைத்தால், பேசாமல் எடுத்துத் தட்டில் வைப்பாள். கம்பி நார் அவள் கையில் சிங்க்கைத் தாண்டி வந்ததே இல்லை.

இதையெல்லாம் இப்போது இவ்வளவு கோர்வையாகச் சொல்கிறேனே... அன்றைக்கு ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

அன்றைக்கு என்றால், ஒரு மாதம் இருக்கும். ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக மேடையில் விழுந்தது. ஸ்டவ்வை ஒட்டி ஒரு சாண் அகலத்துக்குப் பளபளப்பே இல்லை. வட்டமாக, மங்கலாக, பொடிப்பொடிக் கீறல்கள். ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன்.

"ஜெசிந்தா, இங்க கம்பி நார் போட்டியா?"

"இல்லக்கா."

"பொய் சொல்லாத. கல்லு தானா கீறிக்குமா?"

அவள் மேடையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. "நான் போடலக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு, பனியன் துணியை அலசிக் கொடியில் போட்டுவிட்டுப் போனாள்.

அதோடு விட்டேனா? என் வாயைப் பற்றி இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரியாததா? சாயங்காலம் எதிர் வீட்டு டீச்சரிடமும் சொன்னேன். "கம்பி நாரப் போட்டு மேடையையே பாழாக்கிட்டா. எதுக்கும் உங்க வீட்டுலயும் பாத்துக்கோங்க." டீச்சர் அப்போதுதான் புதிதாக மாடுலர் கிச்சன் போட்டிருந்தார். பார்த்துக்கொண்டார். பாத்திரம் கழுவினால் போதும், மேடைப் பக்கம் வர வேண்டாம் என்று மறுநாளே ஜெசிந்தாவிடம் சொல்லிவிட்டார்.

அதற்கடுத்த நாளிலிருந்து அவள் இரண்டு வீட்டுக்குமே வரவில்லை. போன் செய்தேன்.

"உடம்புக்கு முடியலக்கா."

"எப்ப வருவ?"

"பாக்கேன்க்கா."

மூன்று வாரம் நானே துடைத்தேன். அவள் இல்லாமல் காலை நேரம் சப்பென்று இருந்தது. ஆனாலும் நான் இறங்கி வரவில்லை. தப்பு செய்தவள் அவள்தானே?

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை தோறும் அடுப்பைத் துடைத்து, குங்குமம் வைத்து, சின்னதாக ஒரு கோலம் போட்டுவிட்டுத்தான் நான் பால் காய்ச்சுவேன். ஸ்டவ் மேல் போட்டால் மாவு பர்னரை அடைக்கிறது என்று, மேடையிலேயே ஸ்டவ்வை ஒட்டிப் போடுகிறேன். சனிக்கிழமை காலையில் அதை அழிப்பதும் நான்தான். ஜெசிந்தா தொட மாட்டாள். தொடாதே என்று நான் சொன்னதில்லை. அவள் மாதா கோயிலுக்குப் போகிறவள். என் சாமி காரியத்தில் கை வைக்க வேண்டாம் என்று அவளாகவே ஒதுங்கிக்கொண்டாள். கோலம் இல்லாத நாளில்கூட அந்த இடத்தை எனக்கென்று விட்டுவிட்டுத்தான் துடைப்பாள்.

அன்று வழக்கம்போலக் காய்ந்த துணியால் கோலத்தை வட்டமாக அழுத்தித் தேய்த்தேன். மற்ற நாளில் டி.வி.யும் மிக்ஸியும் போட்டி போடுகிற நேரம். அன்று பராமரிப்புக்காகக் கரண்ட் கட். வீடே அமைதியாக இருந்தது. அப்போதுதான் கேட்டது, கரகர.

கோலமாவு என்று பாக்கெட்டில் வாங்குகிறோமே, அது என்ன? அரைத்த வெள்ளைக்கல். ஒன்பது வருஷமாக வாரம் தவறாமல், கல்லை வைத்துக் கல்லைத் தேய்த்தது யார்? அதுவும் பயபக்தியோடு?

அந்த மேடையிலேயே ஜெசிந்தாவின் கை படாத இடம் அந்த ஒரு சாண்தான். அவள் கை பட்ட இடமெல்லாம் இன்னமும் முகம் தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மம்சாபுரம் போனேன். என்ன வாங்கிக்கொண்டு போவது? இந்த ஊரிலிருந்து மம்சாபுரத்துக்குப் பால்கோவா கொண்டுபோனால் பஸ்ஸிலேயே சிரிப்பார்கள். வெறுங்கையோடுதான் போனேன். கொடுக்க வேண்டியது வேறு இருந்தது.

"வாங்கக்கா" என்று ஸ்டூலை எடுத்துப் போட்டாள். உட்காராமலே சொன்னேன்.

"ஜெசிந்தா, அந்த மேடையக் கீறினது நான்தான். கோலமாவு."

அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்க்கா."

"ஏன் சொல்லல?"

"நீங்க சாமிக்குப் போடுறது. நான் வேற சாமியக் கும்புடுறவ. அதப் போயி நான் கொற சொன்னா நல்லாவா இருக்கும்? கல்லுதான, போனா போவுதுன்னு இருந்துட்டேன்." தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "ஆனா என் கையச் சொல்லிட்டியளேக்கா. டீச்சரும் மேடைப் பக்கமே வராதன்னுட்டாவ. அதான் தாங்கல."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "மன்னிச்சிரு ஜெசிந்தா" என்றேன். வீட்டில் யாரிடமும் நான் சுலபத்தில் சொல்லாத வார்த்தை. அவள் உள்ளே போனாள்.

"மீன் கொழம்புதான் இருக்கு. சாப்பிடுவியளா?"

சாப்பிட்டேன். இரண்டாவது தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது சொன்னாள். "நாளைக்கு வாரேன்க்கா."

திங்கட்கிழமை அவள் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்ததும், என் வீட்டுக்குள் விடாமல் முதலில் எதிர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் எதிரிலேயே சொன்னேன். "டீச்சர், நான் உங்ககிட்ட சொன்னது தப்பு. இவ மேல ஒரு குத்தமும் இல்ல. கீறினது நான்." டீச்சர், "இந்தா ஜெசிந்தா, மேடை மூணு வாரமாப் பிசுபிசுன்னு கெடக்கு" என்று துணியை எடுத்து நீட்டினார்.

போன வெள்ளிக்கிழமை அரிசி மாவில் கோலம் போட்டேன். சனிக்கிழமை அதைத் தொடாமல் விட்டுவைத்தேன்.

"இதையும் நீயே தொடச்சிரு" என்றேன்.

"நானாக்கா?"

"நீதான்."

அவள் பனியன் துணியை நனைத்துப் பிழிந்தாள். ஓரத்திலிருந்து ஒற்றி ஒற்றி எடுத்தாள். பக்கத்தில் நின்று கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை.

ஆள் வைத்துப் பாலிஷ் போட்டால் அந்த இடமும் பளபளப்பாகிவிடும் என்கிறார் வீட்டுக்காரர். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேடை முழுக்க என் முகம் தெரிகிறது... என் புத்தி தெரிவதற்கு அந்த ஒரு சாணாவது இருக்கட்டும்.